எபி எடுக்கும் நாள்

இன்னொரு தரம் பார்த்துடலாம் என்றுதான் அந்த டாக்டரம்மா சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. முகத்தைச் சுருக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை, நாளைக்குக் காபிப்பொடி வாங்க வேண்டும் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தணிகாசலத்தின் மகள் நித்திலாவின் தோளில் கைவைத்து அவளை மறுபடியும் பச்சைத் திரைக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். அதற்கு எதற்கு உள்ளங்கை இப்படி வேர்க்கிறது என்று தணிகாசலம் தன்னைத்தானே அதட்டிக்கொண்டு எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். இன்னொரு தரம் என்பது ஒன்றுமேயில்லை, அவனுக்குத் தெரியாததா, இத்தனை வருஷமாக இதே வியாசர்பாடி சமூகநலக் கூடத்தில், இதே முகாமில், பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து உள்ளே அனுப்புகிறவனே அவன்தான், எத்தனை பிள்ளைகளுக்கு இன்னொரு தரம் எடுத்திருக்கிறார்கள், நெஞ்சில் வைக்கிற ரப்பர் குமிழ் வியர்வையில் வழுக்கியிருக்கும், பையன் கூச்சத்தில் நெளிந்திருப்பான், மிஷினில் பேப்பர் சிக்கியிருக்கும், இப்படி ஆயிரம் இருக்கும். ஆனால் அதற்கெல்லாம் அந்த நர்ஸ் பெண்ணே வெளியே தலையை நீட்டி இன்னொரு தரம் படுக்கச் சொல்லுங்க என்பாள், டாக்டரே எழுந்து தோளில் கைவைத்துக் கூட்டிக்கொண்டு போகமாட்டார். போவார், போவார், பெண்பிள்ளை இல்லையா, பயப்படும் என்று போயிருப்பார். நேற்று இந்தக் கூடத்தில் யாருக்கோ வளைகாப்பு நடந்திருக்கிறது, மேடைச் சுவரில் தெர்மகோல் எழுத்துகள் இன்னும் ஒட்டியிருக்கின்றன, பன்னீர் வாசனையும் ஆறிப்போன சாம்பார் வாசனையும் சேர்ந்து அடிக்கின்றன. ஜெர்சி போட்ட பிள்ளைகள் பன்னையும் வாழைப்பழத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். டேய் சும்மா நில்லுங்கடா என்று அவன் வழக்கமாகப் போடுகிற அதட்டலை இன்றைக்கு யாரும் போடவில்லை.

இந்தப் பக்கத்தில் ஈசிஜி என்று யாரும் சொல்வதில்லை. எபி என்பார்கள். உன் பையனுக்கு எபி எடுத்தாச்சா, எங்க பொண்ணுக்குப் போன வருசமே எபி பாத்துட்டாங்க ஒண்ணும் இல்லியாம் என்று ரேஷன் கடை வரிசையில் பேசிக்கொள்வார்கள். வெளியூரிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி அது என்ன டெஸ்ட், நாங்கள் படிக்கவேயில்லையே என்று திகைத்துப்போனாள். அது டெஸ்ட் இல்லையம்மா, ஆள். எபிநேசர். வாசலில் தட்டியில் சிரிக்கிறானே, ஒரு காலுறை முழங்காலிலும் மற்றது கணுக்காலிலுமாக, அவன்தான். எத்தனை முறை இழுத்துவிட்டாலும் அந்த இடது காலுறை நிற்காது, ரப்பர் பேண்டு போடுடா என்றால் ரத்தம் கட்டிக்கும் என்பான், ரத்தத்தின் மீது அவ்வளவு அக்கறை. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் மைதானத்தில் விழுந்து, எழுந்திருக்காமல் போனான். நெஞ்சில் ஏதோ கோளாறு, பிறவியிலேயே இருந்ததாம், ஒரு பேப்பர் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமாம். அவன் பெயரில் அவன் மனைவி ரெஜினா ஆரம்பித்த அறக்கட்டளைதான் வருஷா வருஷம் கால்பந்து விளையாடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் பேப்பர் ஓட்டிப் பார்க்கிறது. செத்தவன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள், தெருவுக்கு வைப்பார்கள், இங்கேதான் ஒரு பரிசோதனைக்கே வைத்துவிட்டார்கள், யாரும் கூட்டம் போட்டு வைக்கவில்லை, வாயில் வந்தது, நின்றுவிட்டது. எபிக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். டேய் தணிகா, என்னைப் போய் பொம்பளைங்க கைக்குழந்தைக்குச் சளி மருந்து மாதிரி பேசிக்கறாங்கடா என்பான். திரைக்குப் பின்னாலிருந்து கிர்ர்ரென்று பேப்பர் ஓடும் சத்தம் கேட்கிறது. நிற்கிறது. மறுபடியும் ஓடுகிறது. ஏன் மறுபடியும்.

எபிநேசரும் தணிகாசலமும் ஒரே அணியில் ஆடியதே இல்லை, அதுதான் வேடிக்கை. எபி ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்து அணி, இடது ஓரத்தில் ஓடுகிறவன். தணிகாசலம் இந்தப் பக்கத்து அணியில் வலது தடுப்பாளன், அதாவது எபியை நிறுத்துவதற்கென்றே கடவுளால் படைக்கப்பட்டு, அந்த ஒரே வேலையையும் சரியாகச் செய்யாதவன். பந்தோடு வருவான், இடதுபக்கம் காட்டுவான், அப்புறம் சட்டென்று நிற்பான். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று ஞாபகம் வந்தவன் நிற்பானே, அந்த மாதிரி ஒரு நிற்பு. முகத்தில்கூட அந்த யோசனை இருக்கும். அடப்பாவி என்னமோ மறந்துவிட்டான் போலிருக்கிறதே என்று எதிரே இருப்பவன் ஒரு கணம் இரக்கப்படுவான் பாருங்கள், அந்தக் கணத்தில் வலதுபக்கமாக நழுவிப் போயிருப்பான். தெரியும். பத்து வருஷமாகத் தெரியும். இந்த வாரம் ஏமாறமாட்டேன் என்று சனிக்கிழமை ராத்திரி படுக்கையில் சபதம் செய்வான் தணிகாசலம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்புறத்தைத் தட்டிக்கொண்டு மண்ணிலிருந்து எழுந்திருப்பான். ஜனங்கள் கைதட்டுவார்கள். அதற்கப்புறம் எபி திரும்பி ஓடி வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டு, ஒண்ணும் அடிபடலையே மச்சான் என்று கேட்பான், அந்தக் கரிசனம்தான் உடம்பெல்லாம் எரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் தணிகாசலத்தை இந்த ஊருக்குத் தெரிந்ததே அதனால்தான். எபியை மார்க் பண்றவரு. பெண் பார்க்கப் போன இடத்தில் கோமதியின் அண்ணன் அப்படித்தான் அடையாளம் சொன்னான். கோமதியே இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், நா எபியத்தான் பாக்கப் போனேன், இவரு குறுக்க நின்னாரு, அப்பிடியே மாட்டிகினேன் என்று மானத்தை வாங்குவாள். வாங்கட்டும். மனைவி, பிள்ளை, ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் காட்டுகிற மரியாதை, எல்லாம் எபியின் எதிரே நின்று மண்ணைக் கவ்வியதால் வந்ததுதான். கோமதி வந்திருக்கலாம் இன்றைக்கு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சரக்கு போகிற நாள், லீவு கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பான், ஒரு எபிக்கு எதுக்கு நானு என்று போய்விட்டாள். போன் பண்ணலாமா. என்னவென்று பண்ணுவது, இன்னொரு தரம் பார்க்கிறார்கள் என்றா. போனை எடுத்தவன் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

எபி விழுவான். நிஜத்தைச் சொல்வதில் என்ன, செத்துப்போனவன் என்பதற்காக நல்லவனாக்கிவிட முடியுமா, அவன் ஒரு பெரிய நடிகன். பெனால்டி கட்டத்துக்குள் வந்துவிட்டால் காற்று பட்டாலே விழுவான், இரண்டு உருளல், ஒரு அலறல், ஆணி ஏறியவன் மாதிரி ஒரு காலைப் பிடித்துக்கொள்வான், சில நேரம் அடிபடாத காலைப் பிடித்துக்கொள்வான். ஜனங்கள் அதற்கென்றே விசில் வைத்திருப்பார்கள். ஆனால் விழுவதற்கு முன்னால் ஓரக்கண்ணால் ரெஃபரி எங்கே இருக்கிறார் என்று ஒரு பார்வை பார்ப்பான், அது தணிகாசலத்துக்கு மட்டும் தெரியும், அவ்வளவு பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவன் பார்க்கவில்லை. பந்துகூட அவனிடம் இல்லை. சும்மா நடந்து வந்தவன் முகத்தை முன்னால் போட்டு விழுந்தான், கையை ஊன்றவில்லை. விசில் பறந்தது. சினிமாவுக்குப் போடா எபி என்று யாரோ கத்தினார்கள். தணிகாசலம் ஓடினான், அவன் ஓடுவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடினார்கள். திருப்பிப்போட்டால் கை கால் இழுக்கிறது, வாய் கோணுகிறது. வலிப்பு, வலிப்பு என்று ஒரு குரல். அவ்வளவுதான், மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் இடுப்பிலும் பையிலும் கைவிட்டார்கள். இரும்பு கொடு, இரும்பு கொடு. பைக் சாவி, வீட்டுச் சாவி, பீரோ சாவி, லோடு வண்டிச் சாவி, கோட்டுக்கு வெளியே கழற்றி வைத்திருந்த தணிகாசலத்தின் டிரவுசரிலிருந்து ஆட்டோ சாவியையும் யாரோ எடுத்து வந்து, எபியின் இரண்டு கையிலும் திணித்து, விரல்களை மேலே மூடிப் பிடித்துக்கொண்டார்கள். அன்பாகத்தான் பிடித்துக்கொண்டார்கள். கொடுக்காதவன் ஒருத்தன்கூட இல்லை. யாரும் நெஞ்சில் கைவைக்கவில்லை, வைக்க வேண்டும் என்று யாருக்குமே தெரியாது. இழுப்பு நின்றது, அப்பாடா அடங்கிடுச்சு என்றார்கள். அப்புறம்தான் யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்றான். வண்டி எடு என்றார்கள். எத்தனையோ வண்டி நின்றது. எல்லா வண்டியின் சாவியும் எபியின் கையில் இருந்தது, மண்ணில் கொட்டியிருந்தது, எது யாருடையது என்று குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் போன ஒரு மீன் வண்டியை மறித்துத்தான் கடைசியில் தூக்கிப் போட்டார்கள். அந்தக் கைகளைத் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை, சாவியோடேயே போனான்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் தணிகாசலத்துக்கு இன்றைக்கும் சிரிப்பும் வரும், சிரித்தோமே என்று வெட்கமும் வரும். மைதானத்து ஓரத்தில் அந்த வண்டிகள் அப்படியே நின்றன. அடக்கம் முடிந்தது, மூன்றாம் நாள் ஜெபம் முடிந்தது, மழை பிடித்துக்கொண்டது, வண்டிகள் நனைந்துகொண்டே நின்றன. சாவு வீட்டுக்குப் போய்த் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருப்பவளிடம், என் பைக் சாவி உங்க வீட்டுக்காரர் கையில இருந்துதே என்று யார் கேட்பார்கள். பூட்டிய வீட்டைக் கடப்பாரையால் திறந்தவன் இருந்தான், வேலைக்கு நடந்தே போனவன் இருந்தான். தணிகாசலம் ஆட்டோ ஓட்டாமல் வீட்டில் கிடந்தான். ஒரு நாள் காலையில் வாசலில் ரெஜினா. கையில் எபி வேலைக்கு எடுத்துப் போகிற சாப்பாட்டு டப்பா, அதற்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சாவிகள். ஒவ்வொரு வீடாகப் போய்க் காட்டி, உங்களுது இதுல எதுன்னு பாத்து எடுத்துக்குங்க என்று கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கோமதி கைக்குழந்தையாக இருந்த நித்திலாவைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். ரெஜினா திட்டவில்லை. தணிகாண்ணா, அடுத்த வாட்டி யாரு விழுந்தாலும் சாவி குடுக்காதீங்க, நெஞ்ச அழுத்துங்க, டாக்டரு சொன்னாரு, அழுத்தியிருந்தா இருந்திருப்பாராம் என்றாள். எந்த ஜென்மத்திலும் யாரும் யாரையும் அவ்வளவு மெதுவாகக் கண்டித்திருக்க மாட்டார்கள். எப்பிடிம்மா அழுத்தணும் என்று கேட்டான். எனக்கும் தெரியாதுண்ணா, கத்துக்கலாம் என்றாள். அறக்கட்டளை என்று பிற்பாடு பதிவெல்லாம் செய்தார்களே, அது ஆரம்பித்த இடம் அதுதான். தலையணையை வைத்துக்கொண்டு ஒரு மாநகராட்சி மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி மீன்காரர், சலூன்காரர், இட்லிக்கடை அக்கா எல்லோரும் வரிசையாக மண்டிபோட்டு அழுத்தினார்கள். இன்றைக்கு இந்த ஏரியாவில் யாராவது தடுக்கி விழுந்தால்கூட நாலு பேர் நெஞ்சை நோக்கி வந்துவிடுவார்கள், நா நல்லாத்தான் கீறேன் விடுங்கய்யா என்று கத்தித்தான் தப்பிக்க வேண்டும்.

"தணிகாண்ணா."

ரெஜினா எதிரே நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. முகாம் நாளில் அவள் உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை.

"டீ ஆறிப்போது. கையிலயே வெச்சினு கீறீங்க."

"குடிக்கறேம்மா."

"ரெண்டாவது வாட்டி எடுக்கறாங்களா?"

"ஆமாம்மா. நெளிஞ்சிருப்பா. அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

ரெஜினா நெளிஞ்சிருப்பா என்று சொல்லவில்லை. மற்ற தாய்தகப்பன்களிடம் ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க என்று சொல்கிறவள்தான். அவனிடம் அதைச் சொல்ல முடியாது, அவனே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். "குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் தோளில் லேசாக ஒரு தட்டுத் தட்டி, வரிசையைப் பார்க்கப் போனாள்.

ஒண்ணும் இருக்காது. எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறான். எபி எடுக்காதவன் எபி நினைவுப் போட்டியில் ஆட முடியாது என்று சட்டம் போட்டதும் அவன்தான், முதல் இரண்டு வருஷம் ஈ காக்கைகூட வரவில்லை, நல்லா இருக்கற பிள்ளையை எதுக்கு டாக்டர்கிட்ட காட்டி இல்லாததை இழுத்துவிட்டுக்கணும் என்று பயந்தார்கள். மைதான வாசலில் கையை விரித்து நின்றுகொண்டு, எபி எடுத்தியா, இல்லையா, அப்ப வீட்டுக்குப் போ என்று திருப்பி அனுப்புவான். எபியைத்தான் நிறுத்த முடியவில்லை, இந்தப் பொடிசுகளையாவது நிறுத்துகிறேனே என்று சிரிப்பான். ஒரு வருஷம் ஒரு பையனுக்கு இதயச் சுவர் தடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள், இனிமேல் பந்தே கூடாது என்றார்கள், அந்தப் பையனின் அம்மா, முகாமில் கொடுத்த பன்னை எடுத்துத் தணிகாசலத்தின் முகத்தில் எறிந்தாள். என் பையன் ராஜா மாதிரி ஓடினான், நீங்கதாண்டா நோயாளி ஆக்கிட்டீங்க என்று கூடம் அதிரக் கத்தினாள். அவள்மீது அன்றைக்குக் கோபம்கூட வந்தது, உயிர் தப்பியிருக்கிறது, நன்றி இல்லாமல் கத்துகிறாளே என்று. அந்தப் பையன் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான், போன மாதம்தான் கல்யாணம், அந்த அம்மாவே பத்திரிகை கொண்டுவந்து வைத்தாள். ஆனால் அவள் ஏன் எறிந்தாள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. குடிக்காத டீ டம்ளரைக் கீழே வைத்தான். தணிகை முருகா, இந்த ஆடிக்குக் காவடி. மாதாவே, உன் கோயிலுக்கும் மெழுகுவத்தி, எபி உனக்கு வேண்டியவன்தானே, சொல்லு அவனிடம். கடவுள்களுக்கெல்லாம் சொல்லி முடித்து எபியிடமே வந்துவிட்டான். டேய் எபி, எத்தனை வாட்டி என்னை மண்ணுல உக்கார வெச்சிருக்கே, ஒரு வார்த்தை சொல்லியிருப்பனா. இதைப் பார்த்துக்கடா.

நித்திலாவுக்கு அந்த நிற்பு வரும். அதை எங்கே போய்ச் சொல்வது. எபி யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்காமலே போய்விட்டான், கேட்டவர்களிடம் அது சும்மா வருது மச்சான் என்று சொல்லிக்கொண்டிருந்தான், பார்த்த ஆயிரம் பேருக்கும் தூரத்திலிருந்துதான் தெரியும். மூச்சுபடும் தூரத்தில் நின்று, எந்தக் கணத்தில் தோள் இறங்கும், எந்தக் கணத்தில் கண் வீட்டு ஞாபகத்துக்குப் போகும் என்று பார்த்தவன், எதிரே நின்று ஏமாந்த ஒருத்தன்தான். அந்த ஏமாந்தவன் தெருவில் ஸ்டூலையும் தண்ணீர்க்குடத்தையும் வைத்து, எட்டு வயதுப் பெண்ணுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தான். வேகமா வந்தா எவனும் வருவான், நிக்கணும், நிக்கறதுதான் ஆட்டம் என்று. ஒரு சாயங்காலம் அவனையே எதிரே நிற்கச் சொன்னாள். வந்தாள், இடதுபக்கம் காட்டினாள், நின்றாள், அடுப்பு ஞாபகம் முகத்தில் வந்தது, தணிகாசலம் நாற்பது வயதில் மறுபடியும் தரையில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இன்னா நைனா அடிபட்டுச்சா என்று அவள் ஓடிவந்து கைகொடுத்தாள். அடிபடவில்லை. பிள்ளை ஓடி வந்ததைப் பார்த்து அழுதுவிட்டான், தூசி என்று சொல்லிக் கண்ணைக் கசக்கினான். இப்போது பதினாலு வயது. மாநில ஜூனியர் அணிக்கு எடுத்திருக்கிறார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை பயிற்சி முகாமுக்கு மதுரைக்கு ரயில், புது ஷூ வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். இன்றைக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். போன வருஷம் ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய வருஷமும் ஒன்றுமில்லை. வருஷா வருஷம் ஒன்றுமில்லாத பிள்ளைக்கு இந்த வருஷம் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது. கொஞ்ச நாளாக ஓட்டம் முடிந்ததும் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாளே. எல்லோரும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் நெஞ்சில் கைவைத்தாள், என்னம்மா என்றால் ஒன்றுமில்லை என்றாள். ஓடு ஓடு என்று விசில் அடித்தவன் யார். இவன்தான். ஒன்றுமில்லாத வரையில் அது பெருமை, இருந்துவிட்டால், இருந்துவிட்டால் என்ற இடத்தில் நினைப்பு வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, திரும்பிப் போகிறது, மறுபடியும் அங்கேயே வருகிறது. சத்தமில்லாமல் போய் வேண்டாம் டாக்டரம்மா, போன வருஷத்துப் பேப்பரே போதும், பிள்ளை ஆசைப்படுது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் உடம்பு கூசியது. வாசலில் சிரிக்கிறவனின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேடையில் இருந்த தெர்மகோல் எழுத்துகளை எண்ணினான்.

"நித்திலா கூட யாரு வந்திருக்கீங்க?"

இந்தக் குரலும் அவனுக்குத் தெரியும். ஒன்றுமில்லாத பிள்ளைக்கு டாக்டர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அடுத்த பெயரைக் கூப்பிடுவார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கமாட்டார். கால்கள் எழுந்தன, நடந்தன, திரையை விலக்கியது யார் கையோ.

நித்திலா கட்டிலில் உட்கார்ந்து பனியனைச் சரிசெய்துகொண்டிருந்தாள். டாக்டரம்மா சின்ன வயது, அவனுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"பயப்படற மாதிரி இல்ல சார், ஆனா கவனமா கேக்கணும். இதயத்துக்குள்ள கரண்ட் போறதுக்கு ஒரு பாதைதான் இருக்கணும். உங்க பொண்ணுக்குப் பிறவியிலயே இன்னொரு பாதை கூடுதலா இருக்கு. குறுக்குச் சந்து மாதிரி. சாதாரணமா ஒண்ணும் பண்ணாது. வேகமா ஓடறப்ப கரண்ட் அந்தச் சந்துல பூந்துடுச்சுன்னா துடிப்பு தாறுமாறா ஓடும். சில பேருக்கு நின்னே போயிடும்."

"போன வருசம் எடுத்தமே. ஒண்ணும் இல்லன்னாங்களே."

"இது சில நாள் காட்டும், சில நாள் காட்டாது. அதனாலதான வருஷா வருஷம் எடுக்கறோம். இன்னைக்குக் காட்டிக்கொடுத்திடுச்சு." நித்திலாவின் பக்கம் திரும்பினார். "நான் கேட்டேன்ல, அத அப்பாகிட்டயும் சொல்லு."

நித்திலா தரையைப் பார்த்தாள். "ஓடறப்ப சில வாட்டி படபடன்னு அடிச்சுக்கும். எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சேன்."

"கண்ணு இருட்டுமாம்" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு தடவ."

கூடத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தணிகாசலத்துக்கு மகளின் கால்விரல்கள்தான் தெரிந்தன, கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன, ஷூ அழுத்திய தழும்போடு. "இப்ப இன்னா பண்றது" என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை.

"சரி பண்ணிடலாம். தொடை வழியா மெல்லிசா ஒயர் விட்டு, அந்தக் கூடுதல் பாதைய மட்டும் பொசுக்கிடுவாங்க. நெஞ்சக் கிழிக்கற வேலையெல்லாம் கிடையாது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயே பண்றாங்க, நானே எழுதித் தரேன். பெரும்பாலும் ஒரே தடவையில சரியாயிடும். அப்புறம் செக் பண்ணிட்டு, தாராளமா ஓடலாம். அதுவரைக்கும் ஓட்டம் கூடாது. மதுரை கூடாது."

"தெரியாமயே இருந்திருந்தா?"

டாக்டரம்மா பேனா மூடியைக் கழற்றினார். "தெரிஞ்சிடுச்சே சார்" என்றார்.

தெரிஞ்சிடுச்சே. திரைக்கு வெளியே வந்தபோது அந்த ஒரு சொல் அவன் உடம்பு முழுக்க ஓடியது. கெட்ட சேதி கேட்டவனுக்கு வரவேண்டிய அழுகை வருகிறதா என்று பார்த்தான், வந்ததும் அழுகைதான், ஆனால் அது வேறு எங்கிருந்தோ வந்தது. தெரிந்துவிட்டது. மதுரை மைதானத்தில் முகம் தெரியாதவர்கள் நடுவில், பந்துகூடக் காலில் இல்லாமல், கையை ஊன்றாமல், இல்லை, அது நடக்கவில்லை, நடக்கப்போவதும் இல்லை, பன்னீரும் சாம்பாரும் நாறுகிற இந்தக் கூடத்தில், ஒரு காசு வாங்காத ஒரு டாக்டரின் கையில், ஒரு துண்டுப் பேப்பரில் தெரிந்துவிட்டது. ஏனென்றால் ஒருத்தன் அதற்கு முன்னால் போய் விழுந்தான். ஏனென்றால் ஒருத்தி வாயில் துணியை வைத்து அழுதுகொண்டு மூலையில் உட்காராமல் வீடு வீடாக நடந்தாள். அவர்களுக்கு என்ன செய்துவிட முடியும், எதைக் கொண்டுபோய் வைத்தாலும் பத்தாது. ரெஜினா வரிசை நடுவில் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முகத்திலிருந்தே அவளுக்கு விளங்கிவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டாங்கம்மா" என்றான். "சரி பண்ணிடலாமாம்."

ரெஜினா சுவரின் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். அப்புறம் அதை மாட்டிக்கொண்டு, கரகரத்த குரலில், வரிசையில் அடுத்திருந்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டாள்.

நித்திலா கூடத்து வாசற்படியைத் தாண்டி, வெயிலில், ஆட்டோ நிற்கிற இடத்துக்கு வந்ததும்தான் வெடித்தாள்.

"நீதான கூட்டினு வந்த! நா வேணாம்னு சொன்னேன்ல, மதுரைக்குப் போய்ட்டு வந்து எடுத்துக்கலாம்னு சொன்னேன்ல! எனக்கு ஒண்ணும் இல்ல, நா நல்லாத்தான் ஓடறேன்! எல்லாரும் வெள்ளிக்கெழம போயிடுவாங்க, நா மட்டும் இங்க... உன்னாலதான் நைனா, எல்லாம் உன்னாலதான்!"

பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். பன்னோடு வெளியே வந்த இரண்டு பையன்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் முகம் சிவந்து, மூக்கு விடைத்து, கழுத்து நரம்பு புடைத்து, நெஞ்சு ஏறி இறங்கியது. தணிகாசலம் அந்த நெஞ்சையே பார்த்தான். ஏறியது, இறங்கியது.

"திட்டு" என்றான். "நல்லா திட்டு கண்ணு. ஆனா மெதுவா, மூச்சு வாங்கிக்கினு."

"உங்கூடப் பேசவே மாட்டேன் போ! ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்!"

"பேசாத." அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தான். "பேசாத கண்ணு. நாப்பது வருசம் பேசாத. படிச்சு வேலைக்குப் போ, பேசாத. கண்ணாலம் கட்டிக்க, புள்ள பெத்துக்க, அப்பவும் பேசாத. நா தெனம் உன் எதுருக்கயே குந்திகினு, நீ பேசாம கீறதப் பாத்துகினே கீறேன்."

அவள் பதில் சொல்ல வாயெடுத்து, பேசமாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் பின்சீட்டில் மூலையில் உட்கார்ந்தாள். தணிகாசலம் முன்னால் ஏறினான். கண்ணாடியைச் சரிசெய்து அவள் முகம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டான். முறைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவன் வேறு யாரையும் ஏற்றிக்கொள்ளாமல், வீடு வரைக்கும் மெதுவாகவே ஓட்டினான்.